கடையும் பேரும்

ஊரும் பேரும் பற்றி ஆராய்ந்து அழகியதொரு நூல் தந்தார் சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளை. ஊர்கள் பேறு பெற்றவை. கடைகளுக்கு அப்பேறு கிட்டவில்லை. தெருவழியே நடக்கும்போது நாம் நாள்தோறும் விலையின்றிப் படிக்கும் ஏடு பெயர்ப்பலகைதான். ஆயினும் அப்பெயரை இட்டவர் யார், ஏன் இட்டார், இட்ட பெயர் நிலைத்ததா, மறைந்ததா என்று ஆர அமரச் சிந்திப்பவர் சிலரே. யானும் சிந்தித்தவன் அல்லேன். மன்னார்த் தீவிலே கீரி என்னும் கடற்கரைச் சிற்றூரிலிருந்து என் பழைய மாணாக்கி ஒருத்தி கேட்ட கேள்வியே என்னை இதில் இறக்கிவிட்டது.

"சேர், எங்கட கருவாட்டுக்கு ஒரு நல்ல பேர் சொல்லித் தாங்க" என்றாள்.

ஆசிரியத் தொழிலில் இருந்தவனிடம் பிள்ளைக்குப் பெயர் கேட்டு வருவார்கள். புதுமனைக்குப் பெயர் கேட்டும் வருவார்கள். கருவாட்டுக்குப் பெயர் கேட்டு வந்தவள் இவள் ஒருத்தியே. சிரித்துவிட்டேன். அவள் சொன்னவற்றை முழுதும் கேட்ட பிறகு சிரித்ததற்காக நாணினேன்.

அவளுடைய தாய் நாற்பது ஆண்டுகளாகக் கருவாடு போடுபவர். கரைக்கு வரும் மீனில் விலைபோகாமல் எஞ்சுவதை வாங்கி, கிழித்து, குடல் களைந்து, கடல்நீரில் அலசி, உப்பிட்டு, மறுநாள் வெயிலில் விரிப்பார். கட்டாவுக்கு இத்தனை உப்பு, சீலாவுக்கு இத்தனை, திருக்கைக்கு இத்தனை என்ற கணக்கு அவர் கைக்குத் தெரியும். வாய்க்குச் சொல்லத் தெரியாது. உலர்ந்த கருவாடு சாக்கில் ஏறும். சாக்கு லொறியில் ஏறும். சாக்கின்மேல் நீல மையால் இரண்டு எழுத்து இருக்கும். அவை வாங்கிச் செல்லும் முதலாளியின் தலையெழுத்துக்கள். "நாற்பது வருசமா அம்மா போட்ட கருவாட்டை எத்தனை வீட்டில தின்றிருப்பாங்க சேர்! ஒரு வீட்டிலயாவது அம்மாட பேர் தெரியுமா?" என்று மகள் கேட்டபோது என்னிடம் விடையில்லை.

இப்பொழுது மகள் சாக்கை விட்டுச் சிறு பொதிக்கு மாற விரும்புகிறாள். அரைக் கிலோ, கால் கிலோவாகக் கட்டி, மேலே ஒரு சீட்டு ஒட்டி, கொழும்புக்கும் கண்டிக்கும் நேரே அனுப்ப எண்ணம். சீட்டு என்றால் பெயர் வேண்டும். பெயர் என்றவுடன் ஊரார் அனைவரும் புலவர் ஆகிவிட்டார்கள். தம்பி 'கோல்டன்' என்று தொடங்கும் பெயர் ஒன்று சொன்னான். மாமா முறையான ஒருவர் 'றோயல்' என்றார். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் 'இன்டர்நாஷனல்' என்பதைச் சேர்க்கும்படி வற்புறுத்தினார். கருவாடு இன்னும் மன்னார்ப் பாலத்தைத் தாண்டவில்லை; அதற்குள் பெயர் பல கடல் கடந்துவிட்டது! பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரத்தைச் சின்னமாக வைக்கலாம் என்றார் ஒருவர். மன்னார் என்றதும் எல்லார்க்கும் நினைவுக்கு வருவது தெருவில் திரியும் கழுதைதானே, அதை வைத்தால் என்ன என்று கேட்டான் ஒரு குறும்பன்.

நான் சற்றும் தயங்காமல், "ஊர்ப்பெயர் இருக்கும்போது வேறு பெயர் எதற்கு? 'கீரிக் கருவாடு' என்று வையுங்கள்" என்றேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் மெதுவாக, "கீரிப்பிள்ளையைக் காயப்போட்டதெண்டு நினைக்கமாட்டாங்களா சேர்?" என்றாள்.

இலக்கணம் படிப்பித்தவன் நான். அதை உணர்த்த அவள் வேண்டியிருந்தது. ஒரு தொகைச்சொல் இரண்டு முதலாக ஏழு வரை பொருள் தந்து மயங்கும் என்று நன்னூலார் கண்டது இதைத்தான். கீரியிற் செய்த கருவாடு என்று நான் விரித்தேன். கீரியாற் செய்த கருவாடு என்று கடைக்காரர் விரிப்பார். இன்னும் ஒரு சிக்கல் உண்டு. கீரி என்றே பெயர் கொண்ட சிறு மீன் ஒன்று நம் கடலில் இருக்கிறது. சூடை, சாளை இனத்தது. கரையோர மக்கள் 'கீரிக் கருவாடு' என்றால் அந்த மீனின் கருவாடு என்றே கொள்வார்கள். உள்ளே கட்டாவும் பாரையும் இருந்தால் ஏமாற்று என்பார்கள். சிங்களத்திலோ 'கிரி' என்பது பால். ஆங்கில எழுத்தில் பெயர் ஏறும்போது குறிலும் நெடிலும் ஒன்றாகும். தென்னிலங்கை வாடிக்கையாளர் பாலில் ஊறிய கருவாடோ என்று திகைக்கலாம். மூன்றெழுத்தும் இல்லாத ஓர் ஊர்ப்பெயருக்குள் ஒரு விலங்கும் ஒரு மீனும் ஒரு குவளைப் பாலும்!

அன்றிரவு நான் பழைய ஏடுகளைப் புரட்டினேன். நம் முன்னோர் கடைக்குப் பெயர் இட்டது எவ்வாறு?

பலகைக்கு முன்பு கொடி இருந்தது. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் கடைமுன் அசையும் கள்ளின் கொடியை நமக்குக் காட்டுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவனும் அக்கொடியைப் பிழையின்றிப் படித்திருப்பான். எழுத்தில் வணிகர் தம்மைக் குறித்த இடங்களைப் பார்க்க விரும்புவோர் மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகைக்குச் செல்லவேண்டும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே துறவிகளுக்குக் கற்படுக்கை அமைக்கப் பொருள் தந்தவர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் தம் பெயரைப் பொறித்தார்கள். உப்பு வாணிகன் ஒருவன். பணித வாணிகன், அதாவது வெல்லப்பாகு விற்பவன் ஒருவன். கொழு வாணிகன், ஏருக்குக் கொழு விற்பவன் ஒருவன். மதுரைப் பொற்கொல்லன் ஒருவன். ஒவ்வொருவனும் தன் பெயரைத் தான் விற்கும் பொருளோடு சேர்த்தே சொல்கிறான். உப்பு வாணிகன் வியக்கன் என்றால் உப்பும் தெரிகிறது, வியக்கனும் தெரிகிறான். உப்பில் மண் கலந்திருந்தால் யாரைத் தேடிப் போவது என்பதும் தெரிகிறது.

சங்கப் புலவர் வரிசையிலும் இம்முறையே. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். உறையூர் இளம்பொன் வாணிகனார் பொன் விற்றவர். மணிமேகலை தந்த மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தானியம் விற்றவர். மாணவர்கள் இப்பெயர்களைத் தேர்வுக்காக மனனம் செய்கிறார்கள். நானும் அவ்வாறே செய்வித்தேன். அவை கடைப்பெயர்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இப்பொழுது பாருங்கள்: மதுரை என்பது இடம், கூலம் என்பது பொருள், சாத்தன் என்பது ஆள். எங்கே, என்ன, யார் என்று வாங்குபவன் கேட்கக்கூடிய மூன்று கேள்விக்கும் ஒரே தொடரில் விடை. காப்பியப் புலவரின் பெயரை ஒரு பலகையில் எழுதித் தானியக் கடையில் தொங்கவிட்டால் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை.

கடல் கடந்தும் இவ்வழக்கம் போயிற்று. தாய்லாந்தின் தெற்கே குவான் லூக் பாட் என்னும் பழைய துறைமுகத்தில், விரலளவான உரைகல் ஒன்று கிடைத்தது. பொன்னை உரசிப் பார்க்கும் கல். அதில் தமிழ்ப் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று எழுதியிருக்கிறது. பத்தன் என்பது பொற்கொல்லனைக் குறிக்கும் சொல். கி.பி. மூன்றாம், நான்காம் நூற்றாண்டின் எழுத்து அது. அந்நிய நாட்டில், மொழி தெரியாத மக்கள் நடுவே இருந்து தொழில் செய்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லனிடமிருந்து நமக்கு எஞ்சியது இவ்வளவே: அவனுடைய கல், அதன்மேல் அவன் பெயர். அவனுக்குக் கடை இருந்ததா, மனைவி மக்கள் இருந்தார்களா, ஊர் திரும்பினானா என்பதெல்லாம் போய்விட்டன. பெயர் எழுதிய பொருள் தங்கிவிட்டது.

வணிகம் பெருகியபோது தனியாள் மறைந்து குழு எழுந்தது. மணிக்கிராமத்தார், நானாதேசிகள், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்று கம்பீரமான பெயர்கள் தோன்றின. 1088ஆம் ஆண்டிலே சுமாத்திராத் தீவின் பாரூசில் கல்வெட்டு நாட்டியவர்கள் ஐந்நூற்றுவர். கேட்கும்போதே ஒரு படை நடப்பதுபோல் இருக்கிறது. எனினும், என் சிற்றறிவுக்கு உப்பு வாணிகன் வியக்கனே உவப்பானவன். ஐந்நூறு பேரில் யாரிடம் போய் முறையிடுவது?

பெரிய பெயர் என்றதும் மன்னார்க் கடலின் 1906ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அந்த ஓர் ஆண்டில் இக்குடாவின் இரு கரைகளையும் தொட்டு இரண்டு கம்பனிகள் எழுந்தன. இரண்டின் பெயரையும் அருகருகே வைத்துப் படிப்பது நல்லது.

முதலாவது, இலண்டனிலே தோன்றிய 'இலங்கை முத்துக் குளிப்போர் கம்பனி.' அதற்கு முந்திய ஆண்டு, 1905இல், அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கடலில் நடந்த முத்துக்குளிப்பு முன்பு காணாத விளைவு தந்தது. 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, 25 இலட்சம் ரூபா அரசாங்கத்துக்கு வருவாயாக வந்தது. அந்தக் கணக்கைப் பார்த்து நாவூறியவர்கள் அடுத்த ஆண்டே பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். பெயரை மீண்டும் படியுங்கள்: முத்துக் குளிப்போர் கம்பனி. பங்குதாரருள் ஒருவரேனும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடலடிக்கு இறங்கியிருப்பாரா? இடுப்பிலே கயிறு, காலிலே கல், கழுத்திலே கூடை என்று இறங்கியவர்கள் கீழைக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். குளிப்பவர் பெயரைக் குளியாதவர் எடுத்துக்கொண்டார்கள். 1907க்குப் பின் பார்கள் பொய்த்தன. சில ஆண்டுகளில் கம்பனி கலைந்தது. சிப்பிக்குப் பெயர் படிக்கத் தெரியாதுதான். ஆயினும் அந்த முடிவில் ஒரு நியாயம் இருந்ததாக எனக்குத் தோன்றுவதைத் தடுக்க முடியவில்லை.

இரண்டாவது, அதே ஆண்டு ஒக்டோபர் மாதம் தூத்துக்குடியிலே வ. உ. சிதம்பரம்பிள்ளை பதிவு செய்த சுதேசிக் கப்பற் கம்பனி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை கோலோச்சியது பிரித்தானிய இந்தியக் கப்பற் கம்பனி. ஒன்றின் பெயரில் 'பிரித்தானிய'. அதற்கு எதிரே 'சுதேசி'. ஒரே ஒரு சொல்தான். அச்சொல்லை நம்பி 25 ரூபாப் பங்குகளைச் சிறு வணிகரும் வாங்கினார்கள். காலியா, லாவோ என்ற கப்பல்கள் வந்தன. எதிரி கட்டணத்தைக் குறைத்தான். 1908இல் வ. உ. சி. சிறை புகுந்தார். 1911இல் கம்பனி மூடப்பட்டது. இலாப நட்டக் கணக்கில் இரண்டும் தோல்வியே. ஆனால் 'சுதேசிக் கப்பல்' என்றால் இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். மற்றதன் பெயரை மன்னாரிலேயே பத்துப்பேரைக் கேட்டுப் பாருங்கள்.

அதிகாரம் இட்ட பெயர் நிலைத்துவிடும் என்று எண்ணுவோர்க்கு மன்னார் நல்ல பாடம். மாதோட்டத்தை வென்ற சோழர் அதற்கு இராசராசபுரம் என்று பெயரிட்டார்கள். தாழி குமரன் என்னும் அதிகாரி அங்கே எடுத்த இராசராச ஈச்சரத்தின் கல்வெட்டு இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. இராசராசபுரம் அந்தக் கல்லோடு சரி. மாந்தை என்றும் மாதோட்டம் என்றுமே மக்கள் வழங்குகிறார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடத் தொடங்கிய கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று பிரபுக்களின் பெயரைச் சூட்டினார்கள். மக்கள் போய்வந்ததோ 'போட் மெயிலில்'. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோயிற்று. போட் மெயில் என்ற சொல்லைக் கொண்டுபோகவில்லை. அண்மையில், 2020ஆம் ஆண்டு, தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகளை நிறுத்தித் 'தம்பபவனி' என்று பெயரிட்டிருக்கிறார்கள். தம்பபண்ணி என்ற பழம்பெயரை நினைவூட்டும் அச்சொல்லை எத்தனை மன்னார் வாய்கள் உச்சரிக்கப் பழகும் என்பதைக் காலம் சொல்லும். கீரியில் அவற்றைக் 'காத்தாடி' என்கிறார்கள்.

இவ்வளவும் பழங்கதை, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டாள் மாணாக்கி. சட்டமும் சுவையானதே. முதல் உலகப்போர்க் காலத்தில், 1916ஆம் ஆண்டு, பிரித்தானியாவில் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சட்டம் வந்தது. நல்ல ஆங்கிலப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் பகைநாட்டு முதலாளி மறைந்திருக்கிறானோ என்ற அச்சமே அதன் தாய். இரண்டாண்டு கழித்து இலங்கையிலும் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1918இன் 6ஆம் இலக்கம். தன் உண்மையான பெயரிலேயே வியாபாரம் செய்பவனைச் சட்டம் கேள்வி கேட்பதில்லை. வேறு பெயர் பூண்டால்தான், 'இந்தப் பெயருக்குப் பின்னால் யார்?' என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. போர்ப்பயம் போய் நூறாண்டு கடந்தும் அந்தக் கேள்வி போகவில்லை. இன்று கிராம அலுவலரின் உறுதியோடு பிரதேச செயலகத்துக்குப் போய் விடை எழுதவேண்டும்.

பதிவு ஒன்று, பெயரைத் தனக்கே உரிமையாக்கிக் கொள்வது வேறொன்று. அதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. அங்கேதான் நன்னூலார் மீண்டும் தலைகாட்டுகிறார். பெயர் இருவகை: இடுகுறி, காரணம். பொருளின் தன்மையையோ பிறந்த இடத்தையோ மட்டும் சொல்லும் காரணப்பெயரை ஒருவர் தமக்கே உரிய வர்த்தகக் குறியாக்குவது எளிதன்று. இடுகுறியையே சட்டம் விரும்பி ஏற்கும். 1888இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் தம் படக்கருவிக்குக் 'கொடாக்' என்று பெயரிட்டார். எந்த மொழியிலும் அதற்குப் பொருள் இல்லை. கே என்ற ஆங்கில எழுத்தின்மீது அவருக்கு இருந்த மோகமே காரணம். பொருளில்லாமையே அப்பெயருக்கு அரண் ஆயிற்று. மாறாக, இலவங்கப்பட்டையைப் பாருங்கள். நாடு 1972இல் சிலோன் என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டது. ஆனால் 'சிலோன் சினமன்' என்பதற்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுக் காப்பு வழங்கியது. அக்காப்பு ஒரு முதலாளிக்கு உரியதன்று; அந்நிலத்தில் விளைவிப்போர் அனைவர்க்கும் பொது.

ஆகவே 'கீரி' ஊருக்குச் சொந்தம். 'கருவாடு' உலகுக்குச் சொந்தம். இவ்விரண்டையும் எந்த வீடும் தனக்கே என்று பூட்டி வைக்க இயலாது; வைக்கவும் கூடாது. அயல்வீட்டுப் பெண்ணும் நாளை சீட்டு ஒட்டக்கூடும். எஞ்சுவது சாத்தனார் பெயரின் மூன்றாம் உறுப்பு, ஆள்.

பெயர் தமிழில் இருக்கவேண்டுமா என்று கேட்டார்கள். இருப்பது நன்று என்பேன். அதற்காகச் சண்டைக்கு நிற்கமாட்டேன். யாழ்ப்பாணத்தில் சவர்க்காரம் செய்த க. கனகராசா தம் தொழிலுக்கு இட்ட பெயர் 'மில்க்வைற்'. கலப்பில்லாத ஆங்கிலம். அவரோ பனைவிதை நடுவதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். மண்ணின் பெயரைப் பலகையிற் போட்டுவிட்டு மண்ணை மறந்தவர்களைவிட அவர் எவ்வளவோ மேல். பலகையிற் பிறரை இகழும் பெயரைத்தான் பொறுக்கலாகாது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலே சிற்றுண்டிச்சாலை ஒன்றின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை எதிர்த்துப் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நீண்டது. நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். ஐந்தெழுத்துக்காக இவ்வளவா என்று அன்று கேட்டவர்கள் இருந்தார்கள். உள்ளே போய் உண்பவன் காசு கொடுக்கிறான். வாசலில் அவனைத் தாழ்த்தும் சொல்லையும் அவனே படித்துவிட்டு நுழையவேண்டுமா?

ஆள்பெயர் எவ்வளவு உறுதியானது என்பதற்கு எழுத்துலகம் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துப் பூபாலசிங்கம் புத்தகசாலை நிறுவியவரின் பெயரையே தாங்கி நின்றது. அலங்காரம் எதுவும் இல்லை. 1981இல் யாழ் நூலகம் எரிந்த அந்நாட்களில் அக்கடையும் எரிந்தது. நூல்கள் சாம்பலாயின. பலகையும் எரிந்திருக்கும். ஆயினும் அப்பெயரில் புத்தகம் விற்பனை நிற்கவில்லை. பின்னர்க் கொழும்பிலும் அதே பெயர் ஏறியது. 'நேஷனல்' என்றோ 'மொடேர்ன்' என்றோ இருந்திருந்தால் எரிந்த கடையின் வாடிக்கையாளர் எரியாத கடையை எவ்வாறு அடையாளம் கண்டிருப்பர்?

"அப்படியானால் என் பெயரை வைக்கவா, அம்மாவின் பெயரை வைக்கவா?" என்றாள் மாணாக்கி. இதற்கு நான் விடை சொல்லவில்லை. அது வீட்டுக் காரியம். அடுத்த முறை கீரிக்குச் சென்றபோது அந்த உரையாடலின் நடுவிலே போய் இருந்தேன். மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தாய் உலர்ந்ததைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பேசினார்.

"என்ட பேர் எதுக்கு? கருவாட்டில எழுதுற பேரா அது? கடைக்காரன் கசக்கி எறியிற தாளில கிடக்கவா?"

மகள் விடவில்லை. அப்போதுதான் தாய் வேறொரு கதையைச் சொன்னார். தம் பெயர் எழுத்தில் ஏறிய இடங்களை விரல்விட்டு எண்ணினார்: ஞானஸ்நானப் பதிவு, கலியாணப் பதிவு, அடையாள அட்டை, இடம்பெயர்ந்து அலைந்த காலத்து நிவாரண அட்டை. அந்தக் கடைசி அட்டையில் பெயரைப் பிழையாக எழுதிவிட்டார்களாம். ஓர் எழுத்துப் பிழை. திருத்தித் தரச் சொல்லி எத்தனையோ முறை வரிசையில் நின்றாராம். "இந்தப் பேரில ஆள் இல்லை" என்று இரண்டு முறை அரிசி இல்லாமல் திருப்பி அனுப்பினார்களாம். முடிவில் களைத்துப்போய் அந்தப் பிழைப்பெயருக்கே கையொப்பம் வைத்துக் கொண்டே காலத்தைக் கழித்தாராம். இதை அழுகையின்றி, யாரையும் குறை சொல்லாமல், மீனைத் திருப்பும் கை நில்லாமல் சொன்னார்.

யாரும் பேசவில்லை. மகள் எழுந்து உள்ளே போய்ப் பிரதேச செயலகப் படிவத்தை எடுத்து வந்தாள். தொழிலின் பெயர் என்ற வரி இன்னும் வெறுமையாக இருந்தது. "அப்ப நீங்களே எழுதுங்க அம்மா. பிழை வராது" என்றாள்.

தாய் கையைக் கடல்நீரிற் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுதினார். மெதுவாக எழுதினார்.

கீரிக்கு ஒரு 'கரை' சேர்த்துக் 'கீரிக்கரை' என்று ஆக்கியது மட்டும் என் பங்கு. விலங்கும் மீனும் பாலும் அதனால் விலகி ஓடின. இடம் முதலில், பொருள் அடுத்து, ஆள் கடைசியில் என்று கூலவாணிகனின் வரிசையிலேயே அமைந்தது. தாயின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. முதலில் அது பலகையில் ஏறட்டும் என்பது மகளின் விருப்பம்.

பலகை எழுதுபவரிடம் கொடுக்குமுன் தாளை எனக்கு அனுப்பிப் பிழை பார்க்கச் சொன்னார்கள். கரைக்கும் கருவாட்டுக்கும் இடையே ஒரு வல்லின ஒற்று விடுபட்டிருந்தது. சிவப்பு மையால் இட்டேன். கடைசிச் சொல்லை நான் தொடவில்லை. அவர் எழுதியபடியே விட்டேன்.